வரி போடாமலே வியாபாரத்தைக் கலங்கடிக்கும் 'கண்காணிப்பு'

வெளிநாடொன்று நமது ஏற்றுமதிக்கு வரி விதித்தால் அது தலைப்புச் செய்தி. "இறக்குமதியைக் கண்காணிக்கப் போகிறோம்" என்று மட்டும் அறிவித்தால் யாரும் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருப்பதில் யாருக்கு என்ன நட்டம் என்ற நினைப்புத்தான். 10, 11ஆம் தரங்களுக்கு வணிகக் கல்வி கற்பிக்கும் நான் இதே நினைப்பை வகுப்பிலும் காண்கிறேன். வர்த்தகத் தடைகள் எவை என்று கேட்டால் தீர்வை, கோட்டா, தடை என்று பிள்ளைகள் ஒப்புவிப்பார்கள். கண்காணிப்பு அந்த வரிசையில் வராது. ஆனால் ஆடை வியாபாரத்தில் அதுவும் ஒரு தடையாக வேலை செய்யும். அதற்கு வியட்நாமின் கதையைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

2007 ஜனவரி 11ஆம் திகதி வியட்நாம் உலக வர்த்தக அமைப்பின் 150ஆவது உறுப்பு நாடானது. அன்றுடன் அந்நாட்டு ஆடைகளுக்கு அமெரிக்கா வைத்திருந்த கோட்டா நீங்கியது. இதனால் பயந்தவர்கள் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இருந்த நெசவாலை முதலாளிகள். வட கரோலினாவின் செனட்டர் எலிசபெத் டோலும், தென் கரோலினாவின் செனட்டர் லின்ட்சே கிரஹாமும் வியட்நாமுக்கு நிரந்தர வர்த்தக உறவு வழங்கும் சட்டமூலத்தை 2006இல் இழுத்துப் பிடித்தார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த ஜோர்ஜ் புஷ் நிர்வாகம் ஒரு வாக்குறுதி கொடுத்தது. வியட்நாமிலிருந்து வரும் ஆடைகளைக் கண்காணிப்போம், நியாயமற்ற விலையில் வந்தால் யாரும் முறையிடாமலே நாங்களாக விசாரணை தொடங்குவோம் என்பதே அது. காற்சட்டை, சேர்ட், சுவெட்டர், உள்ளாடை, நீச்சலுடை ஆகிய ஐந்து வகைகள் பட்டியலில் சேர்ந்தன. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தரவுகள் பரிசீலிக்கப்படும் என்றும் அறிவித்தார்கள்.

இங்கே 'டம்பிங்' என்ற சொல்லை விளங்கிக்கொள்ள வேண்டும். தமிழில் இதைக் குவிப்பு என்கிறோம். ஒரு நிறுவனம் உள்ளூரில் 10 டொலருக்கு விற்கும் சேர்ட்டை வெளிநாட்டுக்கு 7 டொலருக்கு அனுப்பினால் அது குவிப்பு. இறக்குமதி செய்யும் நாட்டின் உற்பத்தியாளர் அதனால் பாதிக்கப்பட்டால், அந்த மூன்று டொலர் வித்தியாசத்தை ஈடுசெய்ய மேலதிகத் தீர்வை போடலாம். கணக்கு இலகுவானதுதான். ஆனால் வியட்நாமுக்கு அந்த இலகுவான கணக்கு பொருந்தவில்லை. அது சந்தைப் பொருளாதாரம் அல்ல என்று அமெரிக்கா வகைப்படுத்தியிருந்ததால், வியட்நாமின் சொந்த விலைகளை ஏற்காமல் வேறொரு நாட்டின் செலவுகளை எடுத்தே கணக்கிடுவார்கள். வியட்நாமிய கெளிற்று மீனுக்கு பங்களாதேஷின் செலவுகளை வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். அதன் முடிவில் 2003இல் விழுந்த தீர்வை 36.84 சதவீதம் முதல் 63.88 சதவீதம் வரை. தன் கணக்குப் புத்தகத்தை எவ்வளவு ஒழுங்காக வைத்திருந்தாலும், எவ்வளவு தீர்வை வரும் என்று ஹோ சி மின் நகரத்துத் தையல் ஆலைக்காரர் முன்கூட்டி அறிய வழியில்லை.

அந்தத் தீர்வையைக் கட்ட வேண்டியவர் ஆலைக்காரரும் அல்ல, அமெரிக்க இறக்குமதியாளர். விசாரணை தொடங்கினால், சில சூழ்நிலைகளில் முதற்கட்டத் தீர்மானத்துக்கு 90 நாட்கள் முன்பு வந்திறங்கிய சரக்குக்கும் தீர்வை கேட்க அமெரிக்கச் சட்டம் இடமளிக்கிறது. முதலில் வைப்புப் பணம் வாங்குவார்கள். இறுதித் தொகை எவ்வளவு என்பது பின்னர்தான் தெரியும். ஆடை ஓடர் கொடுப்பதோ பல மாதங்களுக்கு முன்பு. இப்போது அந்தக் கொள்வனவாளரின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். வியட்நாமில் 6 டொலருக்கு ஓடர் கொடுத்த காற்சட்டை, கடையில் விற்று முடிந்த பிறகு 9 டொலர் ஆகலாம். ஆகாமலும் போகலாம். நிச்சயமான 10 சதவீத வரியென்றால் அதை விலையில் சேர்த்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். 'ஒருவேளை' என்பதை எந்த விலையில் சேர்ப்பது?

அமெரிக்கச் சில்லறை வியாபாரிகளும் ஆடை இறக்குமதியாளர்களும் இந்தத் திட்டத்தை வெளிப்படையாகவே எதிர்த்தார்கள். வியட்நாம் அரசும் தன் பக்கத்தில் ஏற்றுமதி விலைகளைக் கவனிக்கத் தொடங்கி, மிகக் குறைந்த விலைக்கு ஓடர் எடுக்க வேண்டாமென நிறுவனங்களிடம் கேட்டுக்கொண்டது. ஒரு சதம் வரியும் விழாமலே இத்தனையும் நடந்தன.

முடிவு என்ன? 2007 ஒக்டோபரிலும் 2008 மே மாதத்திலும் வெளியான பரிசீலனைகள் இரண்டும் விசாரணை தொடங்குவதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றன. 2009 ஜனவரியில் புஷ் ஆட்சி முடிந்தபோது திட்டமும் முடிந்தது. இதில் எனக்கு வியப்பில்லை. குவிப்பு வழக்குக்கு அதே பொருளைச் செய்யும் உள்ளூர்த் தொழில் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். அமெரிக்காவில் விற்கும் ஆடைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை அப்போதே இறக்குமதிதான். கண்காணிப்பைக் கேட்டவர்கள் துணியும் நூலும் செய்பவர்கள். கண்காணிக்கப்பட்டதோ காற்சட்டையும் சேர்ட்டும். வழக்காக நிற்க முடியாத ஒன்றை அரசியல் கண்காணிப்பாக நிறுத்தி வைத்தது என்றே நான் பார்க்கிறேன்.

வியட்நாம் இதனால் அழிந்துவிடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2006இல் 300 கோடி டொலரைச் சற்றுத் தாண்டியிருந்த அமெரிக்காவுக்கான அதன் ஆடை ஏற்றுமதி, 2008இல் 500 கோடியைக் கடந்தது. ஆனால் மொத்தத் தொகை எல்லாவற்றையும் காட்டாது. பெரிய ஆலை, சட்டத்தரணியையும் கணக்காளரையும் வைத்துச் சமாளிக்கும். இரண்டு மூன்று கொள்வனவாளரை நம்பி நடக்கும் சிறிய ஆலையில் ஒரு பருவத்து ஓடர் தவறினால் முதலில் வீட்டுக்குப் போவது தையல் மெஷினில் இருப்பவர்.

எல்லாக் கண்காணிப்பும் இப்படியானதல்ல. 2005இல் உலகளாவிய கோட்டா முறை முடிந்ததும் சீன ஆடைகள் ஐரோப்பாவில் குவிந்தன. ஜூன் மாதம் ஷாங்ஹாயில் அவசரமாக ஓர் உடன்பாடு செய்து பத்து வகைகளுக்கு மீண்டும் எல்லை போட்டார்கள். ஏற்கெனவே ஓடர் கொடுக்கப்பட்ட சுமார் 8 கோடி உருப்படிகள் ஓகஸ்டில் துறைமுகங்களில் முடங்கின. சுவெட்டரும் காற்சட்டையும் மார்புக் கச்சையும் பெட்டி பெட்டியாக நின்றன. செப்டெம்பரில் பீஜிங்கில் பேசித்தான் அவற்றை விடுவித்தார்கள். அந்தப் பாடத்தால் 2008இல் எல்லை போடாமல், எட்டு வகைகளுக்கு 'இரட்டைச் சரிபார்ப்பு' என்ற முறையை ஒரு வருடம் நடத்தினார்கள். சீனா ஏற்றுமதி அனுமதிப்பத்திரம் கொடுக்கும், ஐரோப்பா அதற்கெதிராக இறக்குமதி அனுமதிப்பத்திரம் கொடுக்கும். எவ்வளவு வருகிறது என்று எண்ணுவதுதான் நோக்கம். தலைக்கு மேல் விசாரணைக் கத்தி தொங்கவில்லை, முடிவு திகதியும் தெரிந்திருந்தது.

நமது நாட்டிலும் ஆடை ஏற்றுமதியை நம்பி இலட்சக்கணக்கான குடும்பங்கள் வாழ்கின்றன. ஆகவே அமெரிக்காவோ ஐரோப்பாவோ அடுத்த முறை 'கண்காணிப்பு' என்று சொன்னால், எந்தெந்த வகைகள், எவ்வளவு காலத்துக்கு, எந்த விலைக்குக் கீழே போனால் விசாரணை, பின்னோக்கித் தீர்வை உண்டா என்று நமது ஊடகங்கள் கேட்க வேண்டும்.

இதே கேள்விகள் மறுபக்கமும் வரும். 2018இல் நமது பாராளுமன்றமும் குவிப்புத் தடுப்புத் தீர்வைச் சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. வெளிநாட்டுத் துணி மலிவாக வந்து தன் தொழிலைக் கெடுக்கிறது என்று உள்ளூர் உற்பத்தியாளர் ஒருவர் நாளை முறையிடலாம், அதில் நியாயமும் இருக்கலாம். அன்று அந்த அமெரிக்க இறக்குமதியாளரின் இடத்தில் நிற்கப்போகிறவர் நோன்புப் பெருநாள் விற்பனைக்காக முன்கூட்டியே சரக்குக்குப் பணம் கட்டிவிட்ட புறக்கோட்டைத் துணிக்கடைக்காரர்தான்.