மாருதி இன்ஜினில் பிறந்த ரேஸ் கார்!

காங்கேயம் காளைகளை ரேக்ளாவில் பூட்டி விரட்டும் கொங்கு மண்ணுக்கு வேகம் புதிதல்ல. கோவைக்காரரான எஸ்.கரிவரதனுக்கு அந்த வேகம் கார் ரேஸில் கிடைத்தது. ஆனால், ஓட்டி ஜெயிப்பதோடு அவர் நிற்கவில்லை.

வெளிநாட்டு ரேஸ் கார் வாங்க வசதியில்லாத இளைஞர்கள் என்ன செய்வார்கள்? தெருவுக்குத் தெரு ஓடிய மாருதி 800-ன் இன்ஜினையே எடுத்து, ஒற்றை இருக்கை ரேஸ் கார் செய்தார். 1980-களின் இறுதியில் வந்த அந்த ‘ஃபார்முலா மாருதி’யில் எல்லோருக்கும் ஒரே இன்ஜின். அதனால், பணத்தைவிடத் திறமைதான் பேசியது.

அதில் ஓட்டிப் பழகிய கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன், 2005-ல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் வீரரானார். அதைப் பார்க்கக் கரிவரதன்தான் இல்லை. 1995-ல் விமான விபத்தில் இறந்துவிட்டார்.

கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் இன்று இளைஞர்கள் சீறிப்பாயும் பந்தயத் தடத்துக்கு அவர் பெயர்தான்: ‘கரி மோட்டார் ஸ்பீட்வே’.