வரப்பைத் துளைத்த பெயர்

கன்னிப்பூ, கும்பப்பூ என இரு போகம் நெல் விளையும் நாஞ்சில் நாட்டு வயல்களில் வரப்பைத் துளைத்து, முற்றிய கதிரை அறுத்து வளைக்குள் சேர்த்துவைக்கும் அகழானுக்கும், வீட்டு மதிலடியிலும் சாக்கடை ஓரத்திலும் குடியிருக்கும் பெருச்சாளிக்கும் ஆங்கிலம் 'பேண்டிகூட்' என்ற ஒரே பெயரை வழங்குகிறது. அப்பெயர் 'பந்திகொக்கு' என்ற தெலுங்குச் சொல்லின் திரிபு. இதில் 'பந்தி' என்பது பன்றி. தமிழ்ச் சொல்லுக்கு உடன்பிறப்பு. 'கொக்கு' என்பதோ, வயலில் ஒற்றைக்காலில் நிற்கும் பறவையை மட்டுமே அறிந்த தமிழ்க் காதுக்கு மயக்கம் தந்தாலும், தெலுங்கில் பேரெலியைக் குறிக்கும். மண்ணைக் கிளறுவதும் சினந்தால் பன்றிபோல் உறுமுவதும் இவ்விலங்கின் இயல்பாதலால், பன்றியெலி என்பது மிகப் பொருத்தமான பெயரே.

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஆஸ்திரேலியாவில் குடியேறிய ஆங்கிலேயர் அங்கே கண்ட நீள்மூக்குச் சிற்றுயிருக்கும் இதே பெயரைச் சூட்டினர். அது எலியே அன்று. குட்டியை வயிற்றுப் பையில் வளர்க்கும் பைம்மா இனம். தோண்டும்போது மண் புகாதவாறு அதன் பை பின்னோக்கித் திறக்கும். 1873-இல் ஜான் எட்வர்ட் கிரே என்னும் விலங்கியலாளர் பெருச்சாளிப் பேரினத்துக்கு 'பாண்டிகோட்டா' என்று பெயரிட்டு, அறிவியலில் பெயரை உரிய இடத்தில் சேர்த்தார். பொதுவழக்கிலோ நிலைமை வேறு: 'பேண்டிகூட்' என்றால் ஆஸ்திரேலிய விலங்கே முதலில் நினைவுக்கு வருகிறது, பெயரின் முதல் உரிமையாளரான இந்திய விலங்கு, 'எலி' என்ற ஒட்டைச் சேர்த்துக்கொண்டே அறிமுகமாக வேண்டியிருக்கிறது.

ஆஸ்திரேலியர் அச்சொல்லை வினையாகவும் ஆக்கினர். மேலே தழை அசையாமல் நிற்க, அடியிலுள்ள உருளைக்கிழங்கைக் களவாகத் தோண்டி எடுப்பதே அதன் பொருள். தண்டு நிமிர்ந்து நிற்கும் மரச்சீனியைப் பிடுங்கிப் பார்த்து, கிழங்கைப் பெருச்சாளி தின்றிருக்கக் கண்ட விளவங்கோட்டு உழவருக்கு அவ்வினையை விளக்க வேண்டியதில்லை.

மலையாளம் 'பெருச்சாழி' என்று வழங்கும் சொல், ளகரம் ஏற்றுத் தமிழில் வேறு வழியில் வளர்ந்தது. மறைவிலிருந்து பொதுச்சொத்தைத் தின்போரை 'ஊழல் பெருச்சாளி' என்று சாடுவது இங்கே மேடை வழக்கு. அண்டையிலுள்ள திருவனந்தபுரத்திலோ, மனிதர் சாக்கடைக் குழிக்குள் இறங்கி உயிரிழக்கும் கொடுமையைத் தவிர்க்க, 2018-இல் களமிறக்கப்பட்ட துப்புரவு இயந்திரத்துக்கு 'பேண்டிகூட்' என்றே பெயரிடப்பட்டது.