பின்சக்கரம் வேறு வழி போகும்!

படுக்கை, சமையலறை, குளியலறை எல்லாம் அமைந்த ஒரு வீட்டைச் சக்கரங்களின்மீது ஏற்றி, ஊர் ஊராக ஓட்டிச் செல்ல முடியுமா? அமெரிக்காவில் இது சாதாரணக் காட்சி. அங்கு இதனை 'மோட்டார் ஹோம்' என்கிறார்கள். நாம் 'வீட்டு வண்டி' என்று அழைப்போம். அயோவா மாநிலத்தைச் சேர்ந்த வின்னபாகோ நிறுவனம் 1966இல் இவ்வகை வண்டிகளைத் தயாரிக்கத் தொடங்கியது. இன்று பல நிறுவனங்கள் இவற்றைத் தயாரிக்கின்றன, வாடகைக்கும் கிடைக்கின்றன.

பெரிய வீட்டு வண்டி ஒன்று 10 மீட்டருக்கு மேல் நீளமும், ஏறத்தாழ 2.6 மீட்டர் அகலமும் கொண்டது. ஒரு பேருந்துக்கு ஏறக்குறையச் சமம். ஆனால், பேருந்து ஓட்டுபவருக்குத் தனிப் பயிற்சியும் தனி உரிமமும் உண்டு. வீட்டு வண்டிக்கோ, அதன் எடை 26,000 பவுண்டுக்குள் (சுமார் 11,800 கிலோகிராம்) இருந்தால், பல மாநிலங்களில் கார் ஓட்டும் உரிமமே போதும். நேற்றுவரை கார் ஓட்டிய கை, இன்று ஒரு பேருந்தைத் திருப்புகிறது! அகன்ற நெடுஞ்சாலையில் பெரிய தொல்லை இல்லை. ஊருக்குள் நுழைந்ததும்தான் சிக்கல் தொடங்குகிறது. ஏன்?

திருப்பத்தில் ஒரு செங்கோண முக்கோணம்

வண்டி திரும்பும்போது முன்சக்கரம் சென்ற தடத்திலேயே பின்சக்கரமும் வரும் என்று நாம் நினைக்கிறோம். அது உண்மையன்று. பின்சக்கரம் எப்போதும் திருப்பத்தின் உட்புறமாக ஒதுங்கியே வரும். எவ்வளவு ஒதுங்கும்? பள்ளியில் படித்த பைதகரஸ் தேற்றமே விடை சொல்லும்.

வண்டி ஒரு வட்டத்தில் சுற்றுவதாகக் கொள்ளுங்கள். வட்டத்தின் மையம், பின் அச்சின் நடுப்புள்ளி, முன் அச்சின் நடுப்புள்ளி ஆகிய மூன்றையும் கோடுகளால் இணைத்தால் ஒரு செங்கோண முக்கோணம் கிடைக்கும். முன் அச்சு செல்லும் பாதையின் ஆரமே கர்ணம். இரண்டு அச்சுகளுக்கும் இடையே உள்ள தூரம் ஒரு பக்கம். பின் அச்சு செல்லும் பாதையின் ஆரம் மற்றொரு பக்கம்.

முன் அச்சின் ஆரம் 12 மீட்டர் என்போம். காரில் அச்சுகளின் இடைத்தூரம் சுமார் 2.5 மீட்டர். கணக்கிட்டால் பின் அச்சின் ஆரம் 11.74 மீட்டர். அதாவது, பின்சக்கரம் 26 சென்டிமீட்டர் மட்டுமே உள்ளே ஒதுங்குகிறது. வீட்டு வண்டியில் இடைத்தூரம் 6.3 மீட்டர் என்றால், 144இலிருந்து 39.7ஐக் கழிக்க 104.3, அதன் வர்க்கமூலம் சுமார் 10.2. எனவே, பின்சக்கரம் 1.8 மீட்டர் உள்ளே வந்துவிடுகிறது! தெருமுனையில் கால்வட்டமே திரும்புவதால் இந்த அளவு சற்றுக் குறையும். ஆனாலும் ஓர் ஆள் நிற்கும் இடத்தை அது எளிதில் விழுங்கிவிடும்.

அமெரிக்காவில் வண்டிகள் சாலையின் வலப்புறம் செல்கின்றன. ஆகவே, அங்கு வலப்பக்கத் திருப்பமே குறுகலானது. தெருமுனையின் விளக்குக் கம்பமும், நடைபாதை ஓரத்தில் நிற்பவரும், சைக்கிளில் வருபவரும் பின்சக்கரத்தின் வழியில் இருக்கிறார்கள். ஓட்டுநரோ முன்னால், வெகு தூரத்தில் அமர்ந்திருக்கிறார்.

எனவே, முனையைக் கண்டதும் திருப்பக் கூடாது. பின்சக்கரம் முனையை நெருங்கும்வரை நேராகச் சென்று, பிறகே மெதுவாகத் திருப்ப வேண்டும். கண் வலப்பக்கக் கண்ணாடியில் இருக்க வேண்டும். முதலிலேயே இடப்பக்கம் ஒதுங்கிக்கொண்டு திருப்பலாமே என்று தோன்றலாம். அதில் ஆபத்து உண்டு. வலப்புறம் உண்டாகும் இடைவெளியை வழி என்று எண்ணிச் சைக்கிள்காரர் உள்ளே நுழைந்துவிடுவார்.

வாலும் கூரையும்

பின் அச்சுக்குப் பின்னாலும் வண்டியின் உடல் 3 மீட்டருக்கு மேல் நீண்டிருப்பதுண்டு. பின்சக்கரம் உள்ளே ஒதுங்க, இந்த வால் எதிர்ப்புறமாக வீசுகிறது. மேற்கண்ட வண்டியின் வால் 3.5 மீட்டர் என்றால், அதன் மூலை அரை மீட்டர் வெளியே வரும். பெட்ரோல் நிலையத்தில் எண்ணெய் போட்டுவிட்டு உடனே வளைத்துத் திருப்பினால், பின்மூலை பம்பில் இடித்துவிடும். சற்று நேராகச் சென்ற பிறகே திருப்ப வேண்டும்.

அடுத்தது உயரம். கூரைமேல் இருக்கும் குளிர்சாதனப் பெட்டியையும் சேர்த்து, பெரிய வண்டிகள் 3.6 முதல் 4 மீட்டர் வரை உயரமுள்ளவை. வட கரோலினாவின் டர்ஹாம் நகரில் ஓர் இரயில் பாலத்தின் அடியில் 3.56 மீட்டர் உயரமே இருந்தது. எச்சரிக்கைப் பலகைகள் இருந்தும், லாரிகளின் கூரைகள் அதில் சீவப்பட்டுக்கொண்டே இருந்தன. 2019இல் பாலத்தை 3.76 மீட்டருக்கு உயர்த்தினார்கள். அதன் பிறகும் மோதல்கள் நிற்கவில்லை. காரணம், கார் ஓட்டிப் பழகிய மனம் தலைக்குமேல் பார்ப்பதில்லை. வண்டியின் உயரத்தை அளந்து, ஓட்டுநரின் கண்முன் எழுதி ஒட்டிவைப்பதே நல்ல பழக்கம்.

கண்ணுக்குத் தெரியாத சுமை

வீட்டு வண்டியின் அடுப்பு புரொப்பேன் வாயுவால் எரிகிறது. இந்த வாயு காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் மேலே சென்று கலைவதில்லை. தாழ்ந்த இடத்தில் தேங்குகிறது. சுரங்கப் பாதையில் இப்படித் தேங்கினால், ஒரு பொறியே போதும். பால்டிமோர் துறைமுகத்தின் சுரங்கப் பாதைகளில் 10 பவுண்டுக்கு (4.5 கிலோகிராம்) மேற்பட்ட வாயுக் கலன்களுக்கு அனுமதியில்லை. முன்பு இத்தகைய வண்டிகள் கீ பாலத்தின் வழியாகச் சென்றன. 2024 மார்ச் 26இல் கப்பல் மோதி அப்பாலம் இடிந்த பிறகு, நகரை மேற்கே சுற்றிச் செல்ல வேண்டியதாயிற்று.

நமக்கு இதில் என்ன?

நாம் வீட்டு வண்டி ஓட்டாமல் இருக்கலாம். ஆனால், பைதகரஸ் தேற்றம் எல்லா நாட்டுச் சாலைகளுக்கும் பொது. நம் நகரப் பேருந்தும், நீண்ட லாரியும் இதே கணக்கின்படியே திரும்புகின்றன. நாம் சாலையின் இடப்புறம் செல்வதால், நமக்கு ஆபத்து இடப்பக்கத் திருப்பத்தில் இருக்கிறது. சைக்கிளில் செல்லும்போது முன்னால் ஒரு பேருந்து இடப்பக்கம் திரும்பத் தொடங்கினால், அதற்கும் நடைபாதைக்கும் நடுவே தெரியும் இடைவெளியில் நுழையாதீர்கள், பின்னாலேயே நின்றுவிடுங்கள். அது வழியன்று. பின்சக்கரம் வரப்போகும் இடம்!