மெட்டு மறக்கவில்லை, சாமான் வாங்கினோமா?

கடந்த பொங்கலன்று அலிப்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நம் சங்கத்துக் குடும்பங்கள் சில ஒன்றாகச் சாப்பிட்டோம். வெற்றிலைத் தட்டு சுற்றி வரும் நேரத்தில் குழந்தைகளுக்காக ஒரு விளையாட்டை ஆரம்பித்தார்கள். ஒருவர் ஏதாவது டி.வி. விளம்பரத்தின் மெட்டை வாயைத் திறக்காமல் முனக வேண்டும். மற்றவர்கள் அது எந்தச் சாமானுக்கு உரியது என்று சொல்ல வேண்டும். குழந்தைகள் பத்து நிமிடத்தில் சலித்துப்போய் மொட்டை மாடிக்கு ஓடிவிட்டார்கள். பெரியவர்கள் நாங்கள்தான் ஒன்றரை மணி நேரம் விடாமல் விளையாடினோம். நிர்மாவின் மெட்டு இரண்டு விநாடி கூட ஓடவில்லை, ஏழெட்டுக் குரல்கள் எழுந்தன. பாத்திரம் திருப்பிக் கொடுக்க வந்த கீழ் வீட்டு வங்காளிப் பெண்மணியும் உட்கார்ந்து விட்டார்.

எல்லாரும் போன பிறகு என் மனைவி கேட்டாள்: "இவ்வளவும் ஞாபகம் வைத்திருக்கிறீர்களே, இதில் எத்தனை சாமான் நம் வீட்டுக்கு வந்தது?"

வேறு வீடாக இருந்தால் அந்தக் கேள்வி அத்தோடு போயிருக்கும். எங்கள் வீட்டில் அதற்குச் சாட்சி இருக்கிறது. 1983-ல் கல்யாணமாகி லிலுவா ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்த முதல் மாதத்திலிருந்து அவள் எழுதிய மளிகைக் கணக்கு நோட்டுகள் பரண்மேல் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக உள்ளன. அவற்றை இறக்கித் தூசி தட்டி, நாலைந்து மாலை நேரங்கள் உட்கார்ந்து பார்த்தேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை?

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கால விளம்பரங்கள் மனதில் நின்றதற்கு அவற்றின் உயர்வு மட்டுமே காரணமல்ல. கல்கத்தாவில் தூர்தர்ஷன் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 9. சென்னைக்கு ஆறு நாள் கழித்துத்தான் வந்தது. (இதை வங்காள நண்பர்கள் எனக்குப் பலமுறை நினைவூட்டியதுண்டு.) 1976 ஜனவரி 1 முதல் விளம்பரங்கள் வந்தன. நாங்கள் கறுப்பு வெள்ளைப் பெட்டி வாங்கியது 1986 கடைசியில். அடுத்த மாதமே ராமாயணம் ஆரம்பித்தது. எங்கள் வீட்டுப் பெட்டியில் ஒரே அலைவரிசை, ரிமோட் கிடையாது, எழுந்து போக மனமில்லை. ஒரே விளம்பரத்தை ஊரே ஒரே நேரத்தில் பார்த்தது. மறப்பதுதான் கஷ்டம்.

நோட்டுக்கு வருகிறேன். நிர்மா மாதம் தவறாமல் இருக்கிறது. அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் 1969-ல் தன் வீட்டிலேயே தூளைக் கலந்து, சைக்கிளில் கொண்டுபோய் விற்ற சரக்கு அது. பெரிய கம்பெனித் தூளின் விலையில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. மகள் நிருபமாவின் பெயரைத்தான் சுருக்கி வைத்தார். அந்த விளம்பரத்தில் பாட்டு மட்டும் வேலை செய்யவில்லை. மாதச் சம்பளக்காரன் வீட்டுப் பட்ஜெட்டில் அடங்கும் விலை முதலில் இருந்தது. பாட்டு அதைக் கடைவாசல் வரை கொண்டு போய் விட்டது.

நிர்மாவுக்குப் பதில் சொல்ல ஹிந்துஸ்தான் லீவர் அனுப்பிய ஆள் லலிதாஜி. நீலக்கரைச் சேலை, கண்டிப்பான பார்வை, காய்கறிக்காரனிடம் பேரம். லிண்டாஸ் நிறுவனத்தின் அலிக் பதம்சீ உருவாக்கிய பாத்திரம். வசதி இருந்தும் பைசா பைசாவாகப் பேரம் பேசும் தன் தாயாரைத்தான் மனதில் வைத்திருந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். நடித்தவர் கவிதா சௌத்ரி. பிறகு 'உடான்' தொடரை எழுதி இயக்கி நடித்தவர், 2024 பிப்ரவரியில் காலமானார். அப்போது என் மனைவிக்கு ஹிந்தியில் எண்கள் கூடச் சரியாக வராது. ஆனாலும் லலிதாஜி பேசியது ஒரு சொல் விடாமல் புரிந்தது என்கிறாள். லிலுவா சந்தையில் பாதி சைகையிலும் பாதித் தமிழிலும் தினமும் அதையேதான் அவளும் செய்துகொண்டிருந்தாள். அந்த விளம்பரம் விலை மலிவு என்று பொய் சொல்லவில்லை. விலை கூடத்தான், ஆனால் பாதி அளவு போதும் என்று கணக்குக் காட்டியது. நோட்டில் 1987 மார்ச்சில் ஒரு வரி: "சர்ஃப் அரைக் கிலோ – அவர் ஆபீஸ் சட்டைக்கு மட்டும்." அதன் கீழேயே நிர்மா ஒரு கிலோ. இரண்டு கம்பெனிகளின் சண்டையை அவள் இப்படித் தீர்த்து வைத்திருக்கிறாள்.

இனி மறுபக்கம். லிரில் சோப்பு. 1975-ல் அருவியில் குளித்த அந்தப் பெண், கேரன் லூனல், எல்லோருக்கும் நினைவிருக்கிறார். அந்த அருவி நம் கொடைக்கானலில் பாம்பாற்றில் இருக்கிறது. உள்ளூர்க்காரர்களே லிரில் அருவி என்றுதான் வழி சொல்லுவார்கள். நான் அலுவலகத்தில் வங்காளிகளிடம் அது எங்கள் ஊர்த் தண்ணீர் என்று பெருமையடித்தவன். நோட்டில் நாற்பது வருடத்தில் லிரில் மூன்று முறை. "நன்றாகத்தான் இருந்தது, சீக்கிரம் கரைந்து போச்சு" என்று தீர்ப்பு. அந்தப் பெருமைக்கும் சோப்புக்கும் சம்பந்தமே இல்லை!

2003-ல் ஒரு பையனின் பின்னாலேயே ஓடிய ஹட்ச் நாய்க்குட்டியும் அப்படித்தான். அதைப் பார்த்து அந்த ஜாதி நாயை வாங்கியவர்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு பேர். ஹட்ச் என்ற பெயர் 2007-ல் வோடஃபோன் ஆகி, 2020-ல் வீ ஆகிவிட்டது. நாய் மட்டும் அப்படியே மனதில் நிற்கிறது.

எரிச்சலூட்டும் விளம்பரம் எது என்று கேட்டால் எங்கள் வீட்டில் சந்தேகத்துக்கு இடமில்லை: கத்துவது. நாடகத்தில் மாமியார் மெதுவாகப் பேசுகிறாளே என்று சத்தத்தைக் கூட்டி வைத்தால், இடைவேளையில் சாயம் விற்பவன் காதருகே வந்து அலறுகிறான். நான் ரயில்வேயில் தகவல் தொடர்புப் பிரிவில் இருந்தவன், இதைக் கொஞ்சம் விளக்கலாம். ஒலியின் உச்சத்தை மட்டும் அளந்தால் விளம்பரம் நாடகத்தை மீறுவதில்லை. ஒரு பாசஞ்சர் வண்டி ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் நின்று, நடுவில் ஒரு நிமிடம் எண்பது கிலோமீட்டர் வேகம் எடுக்கிறது. ஒரு எக்ஸ்பிரஸ் வழி முழுதும் எண்பதிலேயே போகிறது. இரண்டுக்கும் உச்ச வேகம் ஒன்றுதான், சராசரி வேறு. விளம்பரக்காரர்கள் தாழ்ந்த ஒலிகளையெல்லாம் மேலே தூக்கி உச்சத்தோடு ஒட்ட வைத்து விடுகிறார்கள், முணுமுணுப்பும் கத்தலாகிவிடுகிறது. அமெரிக்காவில் 2010-ல் இதற்கென்றே சட்டம் போட்டு, சராசரியை அளக்க வைத்து, 2012 டிசம்பர் முதல் அமல்படுத்தினார்கள். நம் நாட்டுக் கேபிள் டி.வி. விதிகளிலும், 1994-லிருந்தே, விளம்பரத்தின் ஒலி அளவு கடந்து இருக்கக் கூடாது என்று ஒரு வரி உண்டு. ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்றும் உண்டு. கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒருநாள் பாருங்கள்.

ஆனால் எரிச்சலும் விற்கும் என்பதை மறுக்க முடியாது. தமிழ் சேனல்களில் கடை முதலாளிகளே தோன்றும் விளம்பரங்களை எவ்வளவு கேலி செய்திருக்கிறோம்! சரவணா ஸ்டோர்ஸ் அருள் சரவணன் நடிகைகளோடு ஆடியதைப் பார்த்துச் சிரித்தவர்கள்தான் சென்னை போனதும் தி.நகருக்குப் பை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். அவர் 2022-ல் சினிமாவிலேயே கதாநாயகனாகி விட்டார். ஹிந்தியிலிருந்து மாற்றிய விளம்பரங்களில் வாய் ஒரு பக்கம், வார்த்தை ஒரு பக்கம் போகிறது. அதைவிட ஒரு நிஜக் கடைக்காரர் நேரில் வந்து தன் தமிழில் பேசுவது மேல் என்று எனக்குத் தோன்றுகிறது. மனைவி இதை ஒத்துக்கொள்ளவில்லை.

நோட்டுகளில் ஒரு பக்கத்தை நான் எதிர்பார்க்கவில்லை. 1993 ஜூலை முதல் 1996 வரை மாதம் இரண்டு டப்பா, ஒரு பானத் தூள். பெயர் வேண்டாம். அதைக் குடித்தால் பிள்ளைகள் உயரமாவார்கள் என்று விளம்பரம் காட்டியது. என் மகனுக்கு அப்போது எட்டு வயது. வகுப்பில் முதல் வரிசையில் நிற்பவன். எனக்கு ஐந்தடி மூன்று அங்குலம், அவன் அம்மாவுக்கு ஐந்தடி கூட இல்லை. உயரம் பெரும்பாலும் பெற்றவர்கள் கொடுப்பது என்று தெரியாதவனா நான்? இருந்தும் ஓவர்டைம் பணத்தில் வாங்கினேன். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, குவார்ட்டர்ஸ் கதவு நிலையில் அவனை நிறுத்தி, தலைமேல் அடிக்கோலை வைத்துப் பென்சிலால் கோடு போட்டேன். கோடு நகராத மாதங்களில் "ஒழுங்காகக் குடிக்கிறாயா?" என்று கேட்டிருக்கிறேன்.

நோட்டைப் பார்த்த அன்று இரவு பூனாவுக்கு போன் செய்து அவனிடம் இதைச் சொன்னேன். அவனுக்கு நாற்பது வயது, ஐந்தடி நாலு அங்குலம். சிரித்தான். பிறகு சொன்னான்: "விளம்பரத்தில் வந்த எல்லாப் பையனும் வளர்ந்தான் அப்பா. நான்தான் ஏதோ தப்புப் பண்ணுகிறேன் என்று நினைத்தேன். முதல் தேதி வந்தாலே வயிற்றைக் கலக்கும்."

மெட்டுகளைப் பற்றி எழுத உட்கார்ந்த எனக்கு இந்த விளம்பரத்தின் மெட்டு மட்டும் நினைவுக்கு வரவில்லை.

இப்போது சட்டம் இருக்கிறது. 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 2022 ஜூன் 9-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. ஒரு பொருளைச் சாப்பிட்டால் குழந்தையின் அறிவோ உடல் திறனோ கூடும் என்று, தக்க அறிவியல் ஆதாரம் இல்லாமல் விளம்பரத்தில் சொல்லக் கூடாது. தவறான விளம்பரத்துக்குப் பத்து லட்சம் வரை அபராதம், மறுபடி செய்தால் ஐம்பது லட்சம் வரை. புகார் செய்ய 1915 என்ற எண் இருக்கிறது, தமிழிலும் பேசலாம்.

என் பேத்திக்கு எட்டு வயது. அவளும் டி.வி. பார்த்து ஏதோ ஒரு தூளைக் கேட்கிறாளாம். "வாங்கிக் கொடுத்தாயா?" என்று கேட்டேன்.

"கொடுத்தேன், சாக்லேட் ருசிக்காகக் கேட்கிறாள்," என்றான் மகன். "ஆனால் சுவரில் கோடு போடுவதில்லை."