சோறும் கொழுப்பாகும்

கண்டியைச் சூழ்ந்த பேராதனை, குண்டசாலை, கம்பளைப் பகுதிகளில் நெல்லும் மரக்கறியும் பயிரிடுவோருள் சிலர், "நாம் நெய் உண்பதில்லை, இறைச்சியும் அரிது. அவ்வாறிருக்க, ஈரலிற் கொழுப்புப் படிந்துள்ளதென வைத்தியர் கூறுவது எங்ஙனம்?" என வினவுவதுண்டு. வினா நியாயமானதே. உண்ட கொழுப்பு மாத்திரமே உடலிற் சேரும் என எண்ணுவதால் இவ்வையம் எழுகின்றது.

முதலில் உண்ட கொழுப்பின் வழியைக் காண்போம். சிறுகுடலிற் பித்தநீர் அதனை நுண்துளிகளாக்க, சதையியிலிருந்து வரும் நொதியம் அவற்றைக் கொழுப்பமிலம் முதலிய சிறு கூறுகளாகச் சிதைக்கின்றது. குடற்சுவரினுள் அவற்றிற் பெரும்பாலானவை மீண்டும் கொழுப்பாக இணைகின்றன. கொழுப்போ குருதியிற் கரையாது. எனவே உடல் அத்துளிகளுக்குப் புரதமும் பிறவும் சேர்ந்த மெல்லிய உறையிட்டு அனுப்புகின்றது. தேங்காய்ப்பாலில் எண்ணெய் பிரியாது பரந்து நிற்பதும் புரத உறையினாலேயே; காய்ச்சக் காய்ச்ச அவ்வுறை சிதைந்து எண்ணெய் மிதப்பதை நம் இல்லத்தரசியர் நன்கறிவர். உறையிட்ட துளிகள் நிணநீர்க் குழாய் வழியே சென்று, கழுத்தடியிற் குருதியுடன் கலந்து, தசையையும் கொழுப்பிழையத்தையும் அடைகின்றன.

இனிச் சோற்றைப் பார்ப்போம். அதன் மாப்பொருள் குளுக்கோசாகிக் குருதியிற் சேர்கின்றது. தேவை போக எஞ்சியது கிளைக்கோசனாக ஈரலிலும் தசையிலும் தங்கும். இஃது அடுக்களை அரிசிப் பானை போன்றது. ஏறக்குறைய அரைக் கிலோவே கொள்ளும். பானை நிறைந்தபின் மிகுதியின் ஒரு பகுதியை ஈரல் கொழுப்பாகவே ஆக்குகின்றது. அன்றியும், சோறு மிகுந்துள்ள வேளையில் உண்ட கொழுப்பு எரியாது சேமிப்புக்கே செல்கின்றது. கொழுப்பிழையமே நெற்களஞ்சியம். ஒரு கிராம் மாப்பொருள் 4 கலோரி தர, கொழுப்பு 9 கலோரி தருமாதலின் சேமிப்புக்கு அதுவே ஏற்ற பண்டம். களஞ்சியம் கொள்ளாதபோது மூட்டைகள் திண்ணைக்கு வருவதுபோல, மிகுந்த கொழுப்பு ஈரலிலே தங்குகின்றது.

உண்டு பல மணி கழிந்தபின்னரும், மண்வெட்டி பிடித்து உழைக்கும்போதும் இக்களஞ்சியம் திறக்கும். கொழுப்பமிலங்கள் குருதியிலுள்ள புரதமொன்றைப் பற்றிச் சென்று தசையில் எரியும். எருமை பூட்டிச் சேறு மிதித்த காலத்தில் இது நாடோறும் நிகழ்ந்தது. இன்று உழவு இயந்திரம் அவ்வேலையைச் செய்கின்றது. சோற்றின் அளவோ குறையவில்லை. இயந்திரத்தைக் குறைகூறுவதற்கில்லை, முதுகொடிய உழைத்தோர் அதன் அருமையை அறிவர்.

இந்நிலை கண்டிக்கு மாத்திரம் உரியதன்று. 2007ஆம் ஆண்டில் இராகமையில் 35 முதல் 64 வயதுடையோரை ஆராய்ந்தபோது, ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு ஈரற்கொழுப்புக் காணப்பட்டது. கவனியாது விடின் சிலருக்கு ஈரல் இறுகிச் சுருங்கும்.

உண்கலத்திற் பாதியைத் தோட்டத்துப் போஞ்சி, கீரை முதலியவற்றால் நிரப்புக. சோறு காற்பங்காகட்டும், கடும் வேலை நாளிற் சற்றுக் கூடலாம். தேநீரிற் சீனியைக் குறைத்தல் மிக முக்கியம்: சீனியிற் பாதி பிரக்டோசு; அதனை ஈரல் எளிதிற் கொழுப்பாக்கும். தேங்காயை முற்றாக விலக்க வேண்டா. கீரையிலுள்ள கரட்டீன் சிறிது கொழுப்பின்றி நன்கு உறிஞ்சப்படாது. வல்லாரைச் சம்பலுக்கு ஒரு பிடி தேங்காய்ப்பூ தகும். உடல்நிறை மிகுந்தோர் அதில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு குறைப்பின் ஈரற்கொழுப்புக் குறையும். நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோர் சோற்றைக் குறைக்குமுன் வைத்தியரைக் கேட்டுக்கொள்க.