ஐ3 போதுமா, ஐ7 வேண்டுமா?

லேப்டாப் வாங்கக் கடைக்குப் போகிறீர்கள். ஒரே நிறுவனம், ஒரே அளவுத் திரை, பார்க்க ஒரே மாதிரி இரண்டு லேப்டாப்கள். ஒன்றில் ஐ3 என்று ஸ்டிக்கர், இன்னொன்றில் ஐ7. விலையில் பெரிய இடைவெளி. "பையன் காலேஜ் போறான்ல சார், ஐ3 வாங்குனா ரெண்டு வருஷத்துல ஸ்லோ ஆயிடும். ஐ7 எடுத்துடுங்க" என்கிறார் விற்பனையாளர். தவணையிலாவது பெரியதை வாங்கிவிடலாம் என்று தோன்றும். கார்டை நீட்டுவதற்கு முன், கூடுதலாகக் கொடுக்கும் பணம் எதற்காகப் போகிறது என்று பார்த்துவிடுவோம்.

ப்ராசஸர் என்ன செய்கிறது? லேப்டாப்பின் எல்லாக் கணக்குகளையும் போடும் சில்லு அது. நீங்கள் ஓர் எழுத்தைத் தட்டினாலும், ஒரு படத்தைப் பெரிதாக்கினாலும் உள்ளே நடப்பது கணக்குதான். ஒரு சில்லுக்குள் பல கோர்கள் (தனித்தனியாகக் கணக்குப் போடக்கூடிய அலகுகள்) இருக்கும்.

நிஜமான இரண்டு சில்லுகளை எடுத்துக்கொள்வோம். இரண்டும் இன்டெல் 2022இல் கொண்டுவந்த 12ஆம் தலைமுறை லேப்டாப் சில்லுகள். விலை குறைந்த பக்கம் கோர் ஐ3-1215யு. விலை கூடிய பக்கம் கோர் ஐ7-12700எச். இந்தத் தலைமுறையில் பெரிய கோர், சின்ன கோர் என இரண்டு வகை உண்டு. பெரியது வேகமாக உழைக்கும், மின்சாரமும் அதிகம் கேட்கும். சின்னது நிதானமாகவும் சிக்கனமாகவும் உழைக்கும். ஐ3இல் பெரியது 2, சின்னது 4, மொத்தம் 6. ஐ7இல் பெரியது 6, சின்னது 8, மொத்தம் 14.

அப்படியானால் ஐ7 இரண்டு மடங்குக்கு மேல் வேகமா? எல்லா வேலையிலும் இல்லை. கோர்களின் எண்ணிக்கை வேறு, ஒரு கோரின் வேகம் வேறு. ஒரு கோரின் வேகத்தைக் கிகாஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை நூறு கோடித் துடிப்பு என்னும் கணக்கு) அளவில் சொல்வார்கள். ஐ3இன் உச்சம் 4.4, ஐ7இன் உச்சம் 4.7. நூற்றுக்கு ஏழு பங்குதான் வித்தியாசம். கோர்களின் வடிவமைப்பும் இரண்டிலும் ஒன்றே. கேஷ் (அடிக்கடி தேவைப்படும் தரவைப் ப்ராசஸர் தன் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும் சிறு நினைவகம்) மட்டும் ஐ7இல் 24 மெகாபைட், ஐ3இல் 10 மெகாபைட். அது கொஞ்சம் கைகொடுக்கும், அவ்வளவுதான்.

எந்த வேலைக்கு நிறைய கோர் வேண்டும்? கல்யாண வீட்டுச் சமையற்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். காய் நறுக்கப் பத்துப் பேர் உட்கார்ந்தால் வேலை சீக்கிரம் முடியும். அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குப் பத்துப் பேர் நின்றாலும் அதே நேரம்தான். கம்ப்யூட்டர் வேலையிலும் பிரித்துக் கொடுக்கக்கூடியது உண்டு, பிரிக்க முடியாமல் ஒன்றன்பின் ஒன்றாக நடக்க வேண்டியதும் உண்டு.

இணையதளம் பார்ப்பது, வேர்டில் தமிழில் தட்டச்சு செய்வது, மின்னஞ்சல், ஆன்லைன் வகுப்பு, டேலியில் கணக்கு எழுதுவது, எக்செல் பட்டியல்கள் எல்லாம் ஒன்றிரண்டு கோர்களிலேயே பெரும்பாலும் முடிந்துவிடும். இவற்றில் நமது ஐ3க்கும் ஐ7க்கும் வித்தியாசம் சொல்லச் சொன்னால் பலராலும் சொல்ல முடியாது. யூடியூபில் 4கே வீடியோகூட ஐ3இல் திணறாது, வீடியோவைப் பிரித்துக் காட்டுவதற்கென்றே தனிப் பகுதி அந்தச் சில்லுக்குள் இருக்கிறது.

நீளமான வீடியோவை எடிட் செய்து வெளியே எடுப்பது, பிளெண்டர் போன்ற மென்பொருளில் முப்பரிமாணப் படங்களை உருவாக்குவது, பெரிய புரோகிராம்களை கம்பைல் செய்வது (எழுதிய நிரலை இயந்திரம் ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றுவது) போன்றவை காய் நறுக்கும் ரகம். இங்கே 14 கோர்களும் கை கோத்து உழைக்கும், ஐ7 தன் விலையை நியாயப்படுத்தும். தினமும் இந்த வேலை செய்து சம்பாதிப்பவர் என்றால் தயங்காமல் அதை வாங்குங்கள். காத்திருக்கும் நேரம் உங்கள் வருமானம்.

பொறியியல் மாணவர்களுக்கு ஒரு சேதி. ஆட்டோகேட் என்றாலே பெரிய ப்ராசஸர் வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். அந்த மென்பொருளின் பெரும்பாலான வேலை ஒரே கோரில்தான் ஓடுகிறது. கல்லூரிப் பயிற்சிக்கு வரையும் படங்களுக்குக் கோர் எண்ணிக்கை அவ்வளவு முக்கியமில்லை. கேம் விளையாடத்தான் ஐ7 என்றால், அங்கே முதலில் பார்க்க வேண்டியது தனி கிராஃபிக்ஸ் கார்டு.

இதுவரை பேசியது பெயரின் கடைசியில் 'எச்' உள்ள ஐ7 பற்றி. கடையில் உங்களுக்குக் காட்டப்படும் மெல்லிய லேப்டாப்பில் பெரும்பாலும் இருப்பது அது அல்ல. அதில் ஐ7-1255யு போன்ற ஒன்று இருக்கும். விஷயத்தின் மையமே இதுதான், ஸ்டிக்கரில் இது தெரியவும் தெரியாது.

ஐ7-1255யுவில் பெரிய கோர் எத்தனை? இரண்டே இரண்டு. ஐ3-1215யுவில் உள்ள அதே எண்ணிக்கை. கூடுதலாகக் கிடைப்பவை நான்கு சின்ன கோர்கள், 2 மெகாபைட் கேஷ், 0.3 கிகாஹெர்ட்ஸ் உச்ச வேகம், கொஞ்சம் பலமான உள் கிராஃபிக்ஸ். இரண்டும் 15 வாட் அளவில் ஓடும்படி வடிவமைக்கப்பட்டவை. 12700எச் வடிவமைக்கப்பட்டது 45 வாட்டுக்கு, சிறிது நேரத்துக்கு 115 வாட் வரைகூடப் போகும். ஆக, ஐ7 என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு ஜாதிச் சில்லுகள். பெரிய கோர், கேஷ், வாட் கணக்கில் பார்த்தால் 1255யு 12700எச்சைவிட ஐ3க்குத்தான் நெருங்கிய உறவு.

இது ஒரு தலைமுறையோடு நின்றதா? இல்லை. 13ஆம் தலைமுறையிலும் ஐ3-1315யுவில் 2 பெரியது, 4 சின்னது. ஐ7-1355யுவில் 2 பெரியது, 8 சின்னது. 2024இல் 'ஐ' எழுத்தைக் கைவிட்டு வந்த கோர் 3 100யு, கோர் 7 150யு ஆகியவற்றிலும் அதே 2, 4 கணக்கும் 2, 8 கணக்கும் தொடர்கின்றன. ஆகவே பெயரின் முன்பக்கத்து 3, 5, 7ஐ மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். முழுப் பெயரையும் கேளுங்கள். கடைசி எழுத்து 'யு' என்றால் சிக்கன ரகம். 'எச்' என்றால் உழைப்பு ரகம். 'எச்எக்ஸ்' என்றால் அதற்கும் மேல்.

என்னைக் கேட்டால், ஐ3-யுவிலிருந்து ஐ7-யுவுக்குத் தாவக் கொடுக்கும் பணம்தான் லேப்டாப் கடையில் மிக மோசமாகச் செலவாகும் பணம். அதை வேறு இரண்டு இடங்களில் போட்டால் தினமும் பலன் தெரியும்.

முதல் இடம் ரேம் (திறந்திருக்கும் வேலைகளை லேப்டாப் கையோடு வைத்திருக்கும் தற்காலிக நினைவகம்). குரோமில் இருபது பக்கம், பக்கத்தில் வீடியோ அழைப்பு, பின்னால் வேர்டு என்று திறந்தால் 8 ஜிபி சீக்கிரம் நிரம்பிவிடும். நிரம்பினால் லேப்டாப் தரவை வட்டுக்கும் ரேமுக்கும் மாற்றி மாற்றித் தூக்கிப் போடும், எந்தப் ப்ராசஸரும் அதைச் சரிசெய்ய முடியாது. 16 ஜிபி ரேம் உள்ள ஐ3, 8 ஜிபி மட்டும் உள்ள ஐ7ஐவிட அன்றாடப் பழக்கத்தில் இலகுவாக இருக்கும். 16 ஜிபியை ஒரே துண்டாக இல்லாமல் 8, 8 என இரண்டு துண்டாகப் போட்டால் உள் கிராஃபிக்ஸும் நன்றாக வேலை செய்யும்.

இரண்டாவது எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சில்லிலேயே தரவைச் சேமிக்கும் வட்டு). பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள லேப்டாப் எந்தப் ப்ராசஸரோடு வந்தாலும் வேண்டாம். 512 ஜிபி எஸ்எஸ்டி இருந்தால் படங்களும் பாடங்களும் நெருக்கடியில்லாமல் அடங்கும்.

"ரெண்டு வருஷத்துல ஸ்லோ ஆயிடும்" என்றாரே? ப்ராசஸர் வயதானால் மெதுவாகிவிடும் பொருள் அல்ல. மென்பொருள்கள் வருடத்துக்கு வருடம் பெருக்கின்றன, ரேம் போதாமல் போகிறது, வட்டு நிரம்புகிறது, காற்றாடியில் தூசி அடைகிறது. கடைசியாகச் சொன்னது சின்ன விஷயம்போலத் தெரியும், நம் ஊர் வெயிலில் அப்படி இல்லை. சில்லின் சூடு நூறு டிகிரி செல்சியஸை நெருங்கினால் அது தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சித்திரை, வைகாசியில் ஏசி இல்லாத அறையில், மெத்தையின் மேல் வைத்து 45 வாட் ப்ராசஸரை ஓட்டினால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வேகம் உங்களுக்கு முழுதாகக் கிடைக்காது. காற்றாடிச் சத்தம் மட்டும் கிடைக்கும்.

பேட்டரியும் இதோடு சேர்ந்தது. உழைப்பு ரகச் சில்லு உள்ள லேப்டாப் பெரும்பாலும் கனமாக இருக்கும், சார்ஜரும் கனம், பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். வகுப்பறையில் எல்லா மேசைக்கும் பிளக் பாயின்ட் இருப்பதில்லை. தினமும் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போகும் பிள்ளைக்கு 'யு' ரகம்தான் தோளுக்கும் நல்லது.

அப்படியென்றால் மலிவானது எதுவும் சரியா? அதுவும் இல்லை. ஐ3க்குக் கீழே ஒரு தளம் இருக்கிறது. செலரான் என்4020இல் 2 கோர்தான், உச்ச வேகம் 2.8. இது உள்ள லேப்டாப்களில் பெரும்பாலும் 4 ஜிபி ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், பிறகு கூட்ட முடியாது. விண்டோஸ் 11ஐ வைத்துக்கொண்டு இதில் ஒரு பட்டப்படிப்பை ஓட்டுவது பிள்ளைக்குத் தண்டனை. 2023இல் வந்த என்100 இதைவிட எவ்வளவோ தேவலாம், ஆனால் அதில் உள்ள நான்கும் சின்ன கோர்கள். பள்ளிப் பாடத்துக்கும் இணையத்துக்கும் சரி, நான்கு வருடக் கல்லூரிக்கு வாங்காதீர்கள்.

ஏஎம்டியின் ரைசன் சில்லுகளுக்கு வேறு கணக்கு. 7ஆயிரம் வரிசையில் மூன்றாவது எண்ணைப் பாருங்கள். ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு. பெயரில் ஓர் எண் மட்டுமே மாறியிருக்கிறது. முதலாவதில் 4 கோர், அதன் வடிவமைப்பு 2019இல் வந்த ஜென் 2. இரண்டாவதில் 6 கோர், வடிவமைப்பு அதற்கு அடுத்த ஜென் 3. மூன்றாவது எண் பெரிதாக இருந்தால் உள்ளே இருப்பது புதியது. 7520யு வரும் லேப்டாப்களில் ரேமும் பலகையோடு ஒட்டியே வரும், ஆகவே அதை வாங்குவதானால் 16 ஜிபி உள்ளதையே வாங்குங்கள்.

பழைய ஐ7 ஒன்று குறைந்த விலைக்குக் கிடைக்கிறதே, அதை எடுக்கலாமா? சென்னை ரிச்சி தெருவில் பயன்படுத்திய லேப்டாப் தேடுகிறவர்கள் கட்டாயம் எதிர்கொள்ளும் கேள்வி இது. 2016இல் வந்த ஐ7-7500யுவில் மொத்தமே 2 கோர், உச்ச வேகம் 3.5. நமது ஐ3-1215யு அதை எல்லா வேலையிலும் முந்திவிடும். விண்டோஸ் 11 ஏற்கும் பட்டியலிலும் அந்த 7500யு இல்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. வங்கிக் கணக்கைத் திறக்கப்போகும் லேப்டாப்பில் இதை அலட்சியம் செய்ய முடியாது. பயன்படுத்தியதை வாங்குவதானால் 8ஆம் தலைமுறையும் அதற்கு மேலும் உள்ளதைக் கேளுங்கள், முடிந்தால் 11 அல்லது 12.

வீட்டில் ஏற்கெனவே ஒரு லேப்டாப் இருந்தால், உங்களுக்கு எது தேவை என்று அதுவே சொல்லும். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய், வழக்கமான வேலையைச் செய்துகொண்டே பாருங்கள். சிபியு வரைபடம் நிமிடக்கணக்கில் நூறு சதவீதத்தை ஒட்டியே நின்றால் பெரிய ப்ராசஸர் வேண்டும். மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி நின்றால் வேண்டியது ரேம்.

கடையில் விலை பேசும்போது பில்லில் 'ஐ3 லேப்டாப்' என்று மட்டும் எழுத விடாதீர்கள். ப்ராசஸரின் முழுப் பெயர், ரேம் அளவு, எஸ்எஸ்டி அளவு மூன்றும் இருக்கட்டும். ரேமைக் கூட்ட இன்னொரு இடம் காலியாக இருக்கிறதா என்றும் கேளுங்கள். பெட்டியைப் பிரித்ததும் அங்கேயே ஆன் செய்து, செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் என்ற பக்கத்துக்குப் போனால் ப்ராசஸர் பெயரும் ரேமும் தெரியும். பில்லோடு ஒத்துப்பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.