ஐயாயிரம் ரூபாயில் ஓர் ஆட்சி!

ஐயாயிரம் ரூபாய்! ஆலைத் தொழிலாளியின் அரை மாதக் கூலிகூட அல்ல. தலைவரை வரவேற்கத் தெருமுனையில் வைக்கும் வளைவு ஒன்றுக்கும் அது போதாது. ஆனால் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் பிள்ளைகள் நடத்தும் சூழல் மன்றத்துக்கு, ஓராண்டு முழுவதற்கும் சேர்த்து வகுக்கப்பட்ட உச்சவரம்பு அந்தத் தொகைதான். நடுநிலைப் பள்ளிக்கு 15,000. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு 25,000. 'சமக்ர சிக்ஷா' என்று டில்லி பெயர் சூட்டி 2018இல் தொடங்கிய திட்டத்தின் கணக்கு இது. ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் மேல்நிலைப் பள்ளியில் தலைக்கு 25 ரூபாய். இரண்டு டீ குடிக்கும் காசு!

கோடிகளைப் பற்றிப் பேசும் காலத்தில் இந்தக் கைக்காசைப் பற்றி ஒரு கட்டுரையா என்று கேட்கலாம். கேளுங்கள் தோழர்களே, கேட்பது உங்கள் உரிமை. பதில் சொல்வது எங்கள் கடமை.

2015இல் சென்னை வெள்ளத்தில் மிதந்தது. 2018இல் கஜா புயல் டெல்டாவின் தென்னைகளைச் சாய்த்தது. 2019இல் அதே சென்னைக்குச் சோலையார்பேட்டையிலிருந்து இரயிலில் தண்ணீர் வந்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மிதப்பதும் நாம், தவிப்பதும் நாம்! மாடி வீட்டுக்காரன் லாரித் தண்ணீர் வாங்குவான். மலையடிவார விடுதிக்குப் போவான். குடிசையில் குடியிருப்பவன் எங்கே போவான்? வானம் வஞ்சித்தாலும் வாரி இறைத்தாலும் முதல் அடி விழுவது உழைப்பவன் முதுகில்தான். அவன் பிள்ளை படிப்பது அரசுப் பள்ளியில்தான். அந்தப் பிள்ளைக்கு நீரையும் நிலத்தையும் நிர்வகிக்கக் கற்றுக்கொடுப்பது பொழுதுபோக்கா? பிழைப்புக்கான படிப்பு!

இந்தக் கைக்காசு என்ன செய்யும்? கணக்குப் போடுவோம். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர் தண்ணீர். நூறு சதுர மீட்டர் கூரையுள்ள பள்ளியில், ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் பெய்தால் 90,000 லிட்டர்! அதைத் தெருச் சாக்கடைக்கு அனுப்புவதா, நிலத்துக்குள் இறக்குவதா என்பதை முடிவு செய்பவை ஒரு குழாய், ஒரு குழி, கொஞ்சம் கூழாங்கல், மணல்.

மதிய உணவு முடிந்து நூறு பிள்ளைகள் தட்டுக் கழுவுகிறார்கள். தலைக்கு இரண்டு லிட்டர் என்றாலும் நாளொன்றுக்கு 200 லிட்டர். அதை வாழைக்கும் முருங்கைக்கும் திருப்பிவிடத் தேவை ஒரு வாய்க்கால். சத்துணவுக் கூடத்தின் காய்த்தோல் ஒரு குழியில் போனால் சில வாரங்களில் எரு. அந்த எருவில் விளைந்த கீரை மறுபடி அதே பிள்ளையின் தட்டுக்கு வரும். காமராசர் காலத்தில் 1956இல் தொடங்கி, 1982இல் சத்துணவாக விரிந்து, 2022இல் காலை உணவாகவும் வளர்ந்த வரலாறு இந்த மண்ணுக்கு உண்டு. அந்த அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம் இருப்பதுதானே பொருத்தம்?

ஆனால் ஒன்று. இது பிள்ளைகள் செய்யும் வேலையாக இருக்க வேண்டும். சூன் 5 வந்துவிட்டால் நடக்கும் கூத்தை நாம் காணாதவர்களா? பெரியவர் வருகிறார், கன்று நடுகிறார், படம் பிடிக்கிறார்கள், போய்விடுகிறார். கன்றை ஆடு மேய்கிறது. மறு ஆண்டு அதே குழி, அதே பெரியவர், புதிய கன்று! விழா பெரியவருக்கு, வெயில் கன்றுக்கு.

பிள்ளைகளிடம் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். எது முதலில் வேண்டும், குழாயா குழியா என்று அவர்கள் கூடிப் பேசுவார்கள். கை தூக்கித் தீர்மானம் போடுவார்கள். ஒருத்தி கணக்கு எழுதுவாள். ஒருவன் இரசீதைக் கேட்பான். கடைக்காரன் குழாய்க்கு நூறு ரூபாய் கூட்டிச் சொன்னால், "ஏன்?" என்று கேட்பார்கள். அந்த "ஏன்?" இருக்கிறதே, அதுதான் ஐயாயிரத்தில் விளையும் அருமையான பயிர்! இன்று இரசீது கேட்கும் சிறுமி நாளை ஊராட்சியில் வரவு செலவு கேட்பாள். ஐயாயிரம் ரூபாயில் ஓர் ஆட்சி நடத்திப் பழகியவளை ஐந்து கோடிக் கணக்கால் ஏமாற்ற முடியுமா?

சூழல் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் எம்.சி. மேத்தா வழக்கில் சொன்னது 1991இல். தேசியப் பசுமைப் படை பிறந்தது 2001-02இல். ஆக, இது எவரும் இரங்கிப் போடும் பிச்சையல்ல. சட்டமும் நீதியும் ஒப்பிய உரிமை.

அந்த உரிமைக்கு நேர்ந்தது என்ன? இத்திட்டத்தில் நூற்றுக்கு 60 பங்கு டில்லியுடையது. 40 பங்கு மாநிலத்துடையது. டில்லியின் 60 எங்கிருந்து வருகிறது? கல்வியின் பெயரால் 2004இல் தொடங்கி மேல்வரி வாங்குகிறார்கள். அந்த மேல்வரியை மாநிலங்களோடு பங்கிடுவதும் இல்லை. நம் காசு நமக்கு வரும் வழியிலாவது தடையில்லாமல் வந்ததா? 2024-25இல் தமிழ்நாட்டுக்குரிய ஏறத்தாழ 2,152 கோடி ரூபாயை நிறுத்திவைத்தார்கள். பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திடு, 2020 கல்விக் கொள்கையை ஏற்றுக்கொள், மும்மொழிக்குத் தலையாட்டு என்றார்கள். 2025 மே மாதம் தமிழ்நாடு உச்ச நீதிமன்றப் படியேற வேண்டி வந்தது. கோடிக் கணக்கில் நடந்த அந்தக் கெடுபிடி, கடைசியில் வந்து விழுவது எங்கே? கீரைப் பாத்தியில்! மொழிக்கும் முருங்கைக்கும் என்ன முடிச்சு? பிள்ளையின் வாளியைப் பிடுங்கித்தான் கொள்கையைப் புகுத்த வேண்டுமா?

டில்லியைக் கேட்போம், ஓயாமல் கேட்போம். அதே வேளையில் நம் ஊரில் நாம் செய்ய வேண்டியதும் உண்டு, தோழர்களே! 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். கொத்தனாரும் பனியன் தொழிலாளியும் பீடி சுற்றும் தாயும் அமரும் அவை அது. அங்கே போங்கள். கட்சிக் கரை வேட்டியோடு அதிகாரம் செய்யப் போகாதீர்கள், பெற்றோராகப் போங்கள். சூழல் மன்றத்துக்கு இந்த ஆண்டு எவ்வளவு வந்தது, எப்போது வந்தது, பிள்ளைகள் என்ன தீர்மானித்தார்கள் என்று கேளுங்கள். வராவிட்டால் வரவில்லை என்று தீர்மானம் எழுதி மேலே அனுப்புங்கள். வந்திருந்தால் கணக்கைப் பள்ளிச் சுவரில் எழுதச் சொல்லுங்கள். கொத்தனார் ஒருநாள் உழைப்பைத் தரட்டும். குழி தோண்டச் செலவில்லை. உழவர் ஒருவர் விதையைத் தரட்டும், பாத்திக்குச் செலவில்லை. ஆனால் எங்கே தோண்டுவது என்று சொல்லும் உரிமையை மட்டும் பிள்ளைகளிடமே விடுங்கள்.

அடுத்த கிளைக் கூட்டத்தில், வளைவுக்கும் வாழ்த்துப் பலகைக்கும் எவ்வளவு என்று பேசுவதற்கு முன், உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் மழைநீர் எங்கே போகிறது என்று ஒருவர் எழுந்து கேட்கட்டும்!